மறைத்துவைத்த சீட்டுகள்

ஆயத்த ஆடைத் தொழிலகத்தில் ஒரு சட்டையை ஒருவரே தைத்து முடிப்பதில்லை. ஒருவர் காலரை மட்டும் தைக்கிறார். அடுத்தவர் அதனைக் கழுத்தில் பொருத்துகிறார். இன்னொருவர் கை மூட்டுகிறார். பொத்தான் துளையிடுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். வெட்டிய துணிகள் டஜன் கணக்கில் கட்டாகக் கட்டப்பட்டு, இயந்திரத்திற்கு இயந்திரம் நகர்ந்து செல்லும். கணிப்பொறி வருவதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டும் கூடவே சென்றது. தம் பங்கு வேலையை முடித்தவர் அச்சீட்டில் தமக்குரிய துண்டைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்வார். மாலையில் அத்துண்டுகளை ஒப்படைத்தால்தான் அன்றைய உழைப்பு ஏட்டில் ஏறும். அந்தத் தாள் துண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நாம் அணியும் உடைக்குப் பின்னே இருக்கும் மனிதரை அறிய விரும்புவோர் அவ்வரலாற்றையும் சிறிது அறிந்திருத்தல் நலம்.

தையல் இயந்திரத்திற்கு எலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். கையூசியோடு ஒப்பிட்டால் அதன் வேகம் பன்மடங்கு. ஆயினும், இயந்திரத்தின் வேகம் வேறு, அதன்முன் அமர்ந்திருப்பவரின் வேகம் வேறு என்பதைத் தொழில் நடத்துவோர் விரைவிலேயே கண்டுகொண்டனர். ஊசி ஓடும் நேரத்தைவிடத் துணியை எடுக்கவும், ஓரம் சேர்க்கவும், திருப்பவும், நூலை வெட்டவும், முடித்ததை அடுக்கவும் ஆகும் நேரமே மிகுதி. ஆகவே ஆடைத் தொழிலில் திறன் என்பது பெரும்பாலும் கையின் திறனே. அந்தக் கையை எவ்வாறு அளப்பது?

இதற்கு விடை ஆடைத் தொழிலிலிருந்து வரவில்லை, இரும்பிலிருந்து வந்தது. ஃபிலடெல்ஃபியா நகரின் மிட்வேல் எஃகு ஆலையில் 1880களில் பணியாற்றிய ஃபிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளர், ஒரு வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஆகும் நொடிகளை நிறுத்துக் கடிகாரம் கொண்டு குறித்தார். அவருடைய கோட்பாட்டு நூல் 1911இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கல ஆலையின் வார்ப்புத் தொழிலாளர்கள், தம்மருகே கடிகாரத்தோடு ஒருவர் வந்து நிற்பதைப் பொறாது வேலையை நிறுத்தி வெளியேறினர். செய்தி நாடாளும் மன்றம்வரை சென்றது. 1915இல் அமெரிக்கக் காங்கிரஸ், படைத்துறைக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, அரசுப் படைக்கல ஆலைகளில் தொழிலாளரைக் கடிகாரம் வைத்து அளத்தலாகாது என்று விதி சேர்த்தது. அத்தடை 1949 வரை நீடித்தது. தனியார் ஆலைகளுக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. தையற்கூடங்களில் கடிகாரம் தங்குதடையின்றி நுழைந்தது.

அளக்கும் முறையை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அளப்பவர் ஒரு தையற்பெண் அருகே நின்று பலமுறை நேரம் குறிக்கிறார். பின்னர், அப்பெண் இயல்பான வேகத்தில் உழைத்தாளா, அதற்கு மேலா, கீழா என்பதைத் தம் மதிப்பீட்டால் முடிவு செய்து அதற்கேற்ப எண்ணைத் திருத்துகிறார். களைப்புக்கும், நூல் அறுதலுக்கும், தண்ணீர் குடிக்க எழுவதற்கும் என்று சிறிது கூட்டுகிறார். இறுதியில் கிடைப்பது அவ்வேலைக்குரிய ‘நிர்ணய நிமிடம்’. எடுத்துக்காட்டாக, ஒரு சட்டைக்கு எல்லா வேலைகளும் சேர்ந்து 20 நிர்ணய நிமிடம் என்று கொள்வோம். 30 பேர் கொண்ட தையல் வரிசை 480 நிமிடம் உழைத்து 360 சட்டைகளை முடித்தால், அவர்கள் ஈட்டியது 7,200 நிமிடம். செலவிட்டது 14,400 நிமிடம். வரிசையின் திறன் 50 விழுக்காடு. கணக்கு என்னவோ எளியதுதான். ஆனால், அந்த 20 என்னும் எண்ணுக்குள் ஒரு மனிதரின் மதிப்பீடு புகுந்திருப்பதை ஏடு காட்டுவதில்லை. கட்டு வராமல் காத்திருந்த நேரமும், இயந்திரம் பழுதாகி நின்ற நேரமும் உழைப்பவரின் குறையாகவே அந்த விழுக்காட்டில் ஏறிவிடக்கூடும் என்பதையும் அது காட்டுவதில்லை.

இந்த அளவீட்டின் உள்ளும் புறமும் வேறெங்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாக எழுதி வைக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த மேரியன் என்னும் சிற்றூர் அது. மேற்சட்டையும் காற்சட்டையும் சேர்ந்த பைஜாமா என்னும் இரவு உடையைத் தயாரித்த ஹார்வுட் நிறுவனம், 1939இல் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ 500 பெண்களும் 100 ஆண்களும் வேலை செய்தனர். சராசரி வயது 23. சராசரிப் பள்ளிப்படிப்பு எட்டு ஆண்டு. சுற்றியிருந்த மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பாலோர். அதற்குமுன் தொழிலகத்தின் வாசலை மிதித்தறியாதவர்கள்.

அங்கே ஒரு நிமிட வேலைக்கு ஓர் ‘அலகு’ என்று பெயர். மணிக்கு 60 அலகு ஈட்டினால் நிர்ணயத் திறன். ஒரு டஜனுக்குப் பத்து அலகு என்று குறிக்கப்பட்ட வேலையாயின் மணிக்கு ஆறு டஜன் முடித்தல் வேண்டும். 75 அலகு ஈட்டுபவருக்கு அடிப்படைக் கூலியினும் 25 விழுக்காடு கூடுதல். அடிமட்டக் கூலி ஒன்றும் உண்டு; அதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை. ஆனால் 60ஐ எட்டுவது எளிதன்று. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரங்களில் 5 முதல் 20 அலகுவரைதான் ஈட்ட இயலும். சில வேலைகளில் 60ஐத் தொடச் சராசரியாக 34 வாரங்கள் ஆயின.

ஒவ்வொருவரின் அலகும் நாள்தோறும் கணக்கிடப்பட்டுப் பெயர்ப்பட்டியலாக வெளியிடப்பட்டது. மிகுதியாக ஈட்டியவர் பெயர் உச்சியில். குறைவாக ஈட்டியவர் பெயர் அடியில். மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் வந்து அதுபற்றிப் பேசுவார். இதன் விளைவாகப் பெண்கள் ஒரு வழக்கத்தை மேற்கொண்டனர். ஒரு நாளில் முடித்த வேலைக்குரிய சீட்டுகள் அனைத்தையும் அன்றே அவர்கள் ஒப்படைக்கவில்லை. சிலவற்றைத் தம்மிடமே மறைத்து வைத்துக்கொண்டனர். உடல்நலம் குன்றிய நாளிலோ, இயந்திரம் தொல்லை கொடுத்த நாளிலோ அவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் அன்றைய எண் விழுந்துவிடாது. அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைக்கும் நம் தாய்மாரை இது நினைவூட்டவில்லையா? இதனை ஏமாற்று என்று கூறுதல் பொருந்தாது. செய்யாத வேலைக்கு ஒருவரும் சீட்டுக் கொடுக்கவில்லை. செய்த வேலையையே தாம் விரும்பிய நாளுக்கு மாற்றிக்கொண்டனர். அப்படியாயின் அந்தப் பட்டியல், அளந்தவர்கள் நினைத்ததைப்போல் நேற்றைய கையின் வேகத்தை மட்டும் காட்டவில்லை. நாளையைப் பற்றிய அச்சமும் அதில் சேர்ந்தே இருந்தது.

ஹார்வுட் நிறுவனத்தின் தலைவராகிய ஆல்ஃபிரட் மாரோ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதலாளிகளுள் இத்தகையோர் அரியர். அவர் தம் நண்பராகிய உளவியல் அறிஞர் குர்ட் லெவினை 1939இல் மேரியனுக்கு அழைத்தார். லெவின் 1890இல், அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த மோகில்னோவில் பிறந்த யூதர். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அவருடைய தாயார் நாத்சிகளின் வதைமுகாமில் மாண்டார். அதிகாரத்திற்கு அஞ்சி நடக்கும் கூட்டத்திற்கும், கூடிப் பேசி முடிவெடுக்கும் கூட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் ஆய்வின் நடுப்பொருளாக அவர் கொண்டது தற்செயலன்று.

லெவின் வந்தபோது மேரியனின் சிக்கல் இதுதான்: பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பின்னும் மலைநாட்டுப் பெண்கள் வடபகுதித் தொழிலாளரின் உற்பத்தியில் பாதியளவே எட்டினர். எவ்வளவு ஊக்குவித்தும் பயனில்லை. தமக்கு இடப்பட்ட இலக்கு எட்ட முடியாதது என்று அவர்கள் நம்புகிறார்கள். எட்ட முடியாததை எட்டவில்லை என்று எவரும் வருந்துவதில்லை என்பது லெவினின் கருத்து. அண்மையூர் ஒன்றில் தொழிலகம் மூடப்பட்டதால் வேலையிழந்த 60 கைதேர்ந்த பெண்களை வேலைக்கு அமர்த்துமாறு அவர் கூறினார். அவர்கள் சில வாரங்களில் அந்த இலக்கை எட்டினர். அருகே அமர்ந்து அதனைக் கண்ட பிறகே உள்ளூர்ப் பெண்களின் கைகளும் விரைந்தன என்று மாரோ பின்னாளில் எழுதினார். பின்னர், லெவினின் மாணவர் அலெக்ஸ் பவேலாஸ் அங்கே வந்து, சிறு குழுக்களாகப் பெண்களைக் கூட்டிப் பேசச் செய்து, இலக்கைத் தாமே வாக்கெடுத்து முடிவு செய்ய விட்டார். 75 அலகுக்கு மேல் எழாதிருந்த ஒரு குழு, ஐந்து நாளில் 87ஐ எட்டுவது என்று வாக்களித்தது; எட்டியும் காட்டியது.

இனி, 1947இல் நடந்ததைக் காண்போம். ஆடைத் தொழிலில் மாதிரிகள் அடிக்கடி மாறும். அதனோடு வேலை முறையும் நிர்ணய நிமிடமும் மாறும். அங்கேதான் ஹார்வுட் தடுமாறியது. வேலை மாற்றப்பட்டவருக்குக் கூலி குறையாதபடி தனி ஊக்கத்தொகை கொடுத்தும், அதற்குமுன் 60ஐ எட்டியிருந்தவர்களுள் 38 விழுக்காட்டினரே மீண்டும் அந்த நிலைக்கு வந்தனர். எஞ்சியோர் நிரந்தரமாகப் பின்தங்கினர், அல்லது வேலையை விட்டே போயினர். வியப்பு என்னவெனில், ஒன்றும் அறியாது புதிதாய் வந்தவர் ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்ட வேலையைத் திரும்பக் கற்க, ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவருக்கு எட்டு வாரம் பிடித்தது. கை மறந்துவிட்டது என்று இதற்குக் காரணம் கூற இயலுமா?

லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். முதற்குழு, இஸ்திரி போடும் 18 பேர். அதுவரை அவர்கள் முடித்த பைஜாமாக்களை அரை டஜனாக ஓர் அட்டையின்மீது அடுக்கினர். இனி ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அட்டை இருந்த அதே இடத்தில்தான் பெட்டியும் இருந்தது. அதற்கென டஜனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகவும் தரப்பட்டது. வழக்கம்போல் அவர்களை அழைத்து, சந்தையில் போட்டி மிகுந்துவிட்டது, மாற்றம் தேவை, புதிய கூலி இது என்று அறிவித்து, கேள்விகளுக்கு விடையும் கூறினர். முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் குழு, பைஜாமா மடிக்கும் 13 பேர். அவர்களுக்கு முதலில் ஒரே மாதிரியான இரண்டு ஆடைகள் காட்டப்பட்டன. இரண்டும் அதே தொழிலகத்தில் செய்தவை. ஒன்று 1946இல் மற்றதைவிட இருமடங்கு விலைக்கு விற்றது, மற்றது 1947இல் விற்றது. மலிவானது எது என்று கேட்டபோது எவராலும் சொல்ல இயலவில்லை. தேவையற்ற வேலைகளை நீக்கினால் செலவு குறையும் என்பதை அவர்களே ஒத்துக்கொண்டனர். தம்முள் சிலரைத் தேர்ந்து அனுப்பினர். அவர்களைப் பழக்கி, அவர்களை அளந்தே நிர்ணய நிமிடம் வகுக்கப்பட்டது. அவர்கள் திரும்பி வந்து தோழியருக்குக் கற்றுக்கொடுத்தபோது ‘எங்கள் வேலை’, ‘எங்கள் கூலி வீதம்’ என்றே பேசினர் என்பதை ஆய்வாளர் குறித்துள்ளனர். நூல் பிசிறு நீக்கித் தையலைச் சரிபார்க்கும் எண்மரும் எழுவருமான மற்ற இரண்டு குழுக்களில், அனைவருமே அந்தப் பேச்சில் பங்கேற்றனர். குறிப்பெடுத்தவர் எழுதித் தீராத அளவுக்கு யோசனைகள் வந்து குவிந்தன.

முதற்குழு 50 அலகை ஒட்டியே நின்றுவிட்டது. அளவீட்டுப் பொறியாளரோடு சச்சரவு, மேற்பார்வையாளர்மீது பகை, வேண்டுமென்றே வேலையைக் குறைத்தல் என்று நாள்கள் கழிந்தன. நாற்பது நாளுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். கூலி வீதம் அநீதியானது என்று முறையீடும் எழுந்தது. மீண்டும் அளந்து பார்த்தனர். வீதம் சற்றுத் தாராளமாகவே வகுக்கப்பட்டிருந்தது! இச்செய்தியை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. எண் அவர்களுக்கு அநீதி செய்யவில்லை. ஆயினும் அந்த எண்ணை நம்புவதற்கு அவர்களிடம் ஒரு காரணமும் இல்லை. இரண்டாம் குழு பதினான்கு நாளில் 61 அலகை அடைந்தது, ஒருவரும் விலகவில்லை. அனைவரும் பங்கேற்ற இரு குழுக்களோ முதல் நாள் சற்றே தாழ்ந்து, உடனே மீண்டு, பழைய நிலையினும் ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தன.

இரண்டரை மாதம் கழித்து, முதற்குழுவில் எஞ்சியிருந்த அதே 13 பேரை வேறொரு வேலைக்கு மாற்றினர். இம்முறை அனைவரையும் கலந்து பேசச் செய்தனர். முன்பு முரண்பட்ட அதே பெண்கள் விரைவில் மீண்டு, உயர்ந்த அளவை எட்டினர். அவர்கள் இயல்பிலேயே முரடர்கள் என்று எவரேனும் கருதியிருந்தால் அக்கருத்து அன்றோடு விழுந்தது.

இதே அறிக்கையில் தனியொரு பெண்ணின் கதையும் உண்டு. இஸ்திரிப் பிரிவில் 50 அலகில் நின்ற ஒரு குழுவில், அவள் மட்டும் மெல்ல உயரத் தொடங்கினாள். மற்றவர்களின் கோபம் முழுவதும் அவள்மீது திரும்பியது. சில நாளில் அவளுடைய எண் 45ஐ ஒட்டி இறங்கிவிட்டது. பின்னர் அக்குழு கலைக்கப்பட்டு மற்றவர்கள் வேறிடம் அனுப்பப்பட, அவள் மட்டும் தனித்து விடப்பட்டாள். நான்கே நாளில் அவள் ஏறத்தாழ 96 அலகுக்கு உயர்ந்து, பின்னர் 92இல் நிலைத்தாள். 45 ஈட்டியதும் 92 ஈட்டியதும் ஒரே கைகள்தாம். இவற்றுள் எதை அவளுடைய ‘திறன்’ என்று ஏட்டில் எழுதுவது? அவளை ஒதுக்கிய தோழியர் கொடியவர்கள் என்று நாம் தீர்ப்பிட விரும்பவில்லை. ஒருத்தி உயர்ந்தால் நாளை எல்லாருக்கும் வீதம் இறுக்கப்படும் என்னும் பயம், துண்டுக்கூலி நடந்த இடமெல்லாம் தொழிலாளரிடையே இருந்ததுதான்.

இந்த ஆய்வு 1948இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. லெவின் அதனைக் காண இருக்கவில்லை. 1947 பிப்ரவரியில் காலமானார். புகழை அப்படியே ஏற்பதற்கு முன் சிலவற்றைக் கூறுதல் கடமை. குழுக்கள் மிகச் சிறியவை. ஒரு குழு இஸ்திரி போட்டது, ஒன்று மடித்தது, மற்றவை சரிபார்த்தன. வெவ்வேறு வேலைகளை ஒரே தராசில் இட்டனர். நார்வே நாட்டுக் காலணித் தொழிலகம் ஒன்றில் ஃபிரெஞ்சும் வேறு இருவரும் இதே சோதனையைச் செய்து 1960இல் வெளியிட்டபோது, பங்கேற்ற குழுக்களின் உற்பத்தி உயரவில்லை. 1981இல் இருவர், மேரியன் ஆய்வையே மறுபடியும் அலசி, பங்கேற்பு என்னும் ஒன்றினால் மட்டுமே அந்த வேறுபாடு வந்தது என்று கொள்ள இயலாது என வாதிட்டனர்.

இவற்றினும் பெரிய ஐயம் ஒன்று நமக்கு உண்டு. மேரியன் பெண்கள் எதன்மீது வாக்களித்தனர்? வேலையை எப்படிச் செய்வது என்பதன்மீது. வேலை மாற வேண்டுமா, மிச்சமாகும் செலவில் யாருக்கு எவ்வளவு என்பவை அவர்கள் முன் வைக்கப்படவே இல்லை. கூடிப் பேசுதல் மனிதருக்குச் செய்யும் மதிப்பாகவும் இருக்கலாம். இன்னும் சில அலகுகளைப் பிழிவதற்கான இனிய வழியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாரோவைப் பொறுத்தவரை அது வெறும் தந்திரமாக இல்லை என்றே நாம் கருதுகிறோம். 1962இல் தம் போட்டியாளராகிய வெல்டன் நிறுவனத்தை ஹார்வுட் வாங்கியபோதும், ஆள்களை மாற்றுவதற்குப் பதிலாகக் கலந்து பேசும் முறையையே அங்கும் கொண்டு சென்றார். அதன் விளைவுகளை வெளியார் ஆய்ந்து எழுதவும் இடமளித்தார். அந்நூல் 1967இல் வெளிவந்தது.

திருப்பூரிலும் பிற ஏற்றுமதி நகர்களிலும் இன்று ‘டார்கெட்’ என்னும் சொல்லை அறியாத தையற்பெண் இல்லை. மணிக்கு இத்தனை என்று வரிசையின் முகப்பில் பலகையில் எழுதப்படுகிறது. நிர்ணய நிமிடத்தை வகுக்கப் பல இடங்களில் இப்பொழுது கடிகாரம்கூடத் தேவைப்படுவதில்லை. எடுத்தல், திருப்புதல், வைத்தல் என ஒவ்வோர் அசைவுக்கும் முன்கூட்டியே நேரம் வகுத்த அட்டவணைகள் உள்ளன. பெரிய தொழிலகங்கள் சிலவற்றில் இயந்திரத்தின் அருகே பொருத்திய சிறு கருவி, ஒவ்வொரு கட்டும் முடிந்த கணத்திலேயே அதனை எண்ணி அலுவலகத் திரைக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே கிழித்து வைக்கத் தாள் துண்டு இல்லை. காய்ச்சல் வந்த நாளுக்கென்று நேற்றைய சீட்டு ஒன்றும் மிச்சமில்லை. பலகையில் எழுதிய எண் எப்படி வந்தது என்று ஒரு பெண் எழுந்து கேட்டால், அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பது மட்டும் தொழிலகத்திற்குத் தொழிலகம் மாறுகிறது.